பழைய எம்ஜிபி காரின் ஹீட்டர் துவாரத்தில் புகை வந்தால்

டர்பனில் வசிக்கும் நாம் காரின் ஹீட்டரை ஆண்டின் பெரும்பகுதி தொடுவதே இல்லை. ஜூலை மாதக் குளிரில் வான் ரீனன் கணவாய் ஏறி ஜோகன்னஸ்பர்க் செல்லும்போதுதான் அதன் நினைவே வருகிறது. 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில், நெடுநாள் சும்மா கிடந்த ஹீட்டரைத் திறந்ததும் கண்ணாடியருகே உள்ள துவாரங்களில் புகை எழுந்தால், “தூசிதான் கருகுகிறது” என்று ஆறுதல் சொல்லிக்கொள்ள வேண்டாம். இந்த ஹீட்டரைச் சூடாக்குவது எஞ்சினின் வெந்நீர்தான். சுமார் 90 டிகிரி சூட்டில் தூசி கருகாது.

முதலில் வண்டியை ஓரங்கட்டி, முகர்ந்து பாருங்கள். பிளாஸ்டிக் தீயும் நெடி இருந்தால் ஆராய்ச்சிக்கு நேரமில்லை: சாவியைத் திருப்பி அணைத்து, பேட்டரியைக் கழற்ற வேண்டும். 1974க்கு முற்பட்ட எம்ஜிபியில் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் இருக்கைகளுக்குப் பின்னால் மூடிக்கு அடியில் இருப்பதால், அவசரத்தில் அவற்றை எட்டுவது கடினம். ஆகவே மின்னோட்டத்தைத் துண்டிக்கும் ஒரு சுவிட்சை முன்கூட்டியே பொருத்திவிடுவதே நல்லது. பயன்பாடின்றி இறுகிப்போன விசிறி மோட்டார் அதிக மின்சாரம் இழுத்து வயரைச் சூடாக்கும். ஃபியூஸையும் பாருங்கள். லூகாஸ் நிறுவனத்தின் கண்ணாடி ஃபியூஸில் 35 என்று எழுதியிருப்பது அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது அதில் பாதிதான். தொடர்ந்தே 35 ஆம்ப் தாங்கும் வேறு வகை ஃபியூஸைப் போட்டால், அது உருகுவதற்குமுன் வயர் தீய்ந்துவிடும்.

இனிப்பு கலந்த வாடையுடன் வெண்ணிற ஆவி வந்தால், கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) கசிகிறது என்று பொருள். ஒரு வெள்ளைத் துணியைத் துவாரத்தின்மேல் ஒரு நிமிடம் பிடித்துவிட்டு விரல்களால் தேய்த்துப் பாருங்கள். வெறும் ஈரமாக இருந்தால் மழைநீர், வழுவழுவென்று ஒட்டினால் கூலன்ட். முன்கண்ணாடியின் உட்புறத்தில் துடைக்கத் துடைக்கப் படியும் பிசுக்கும், கால்மிதிக்கு அடியில் நனைந்த கம்பளமும் அதையே உறுதிப்படுத்தும். ஹீட்டர் வால்வை மூடிவிட்டால் கசிவு நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் வால்வு அடைப்பது வெந்நீர் போகும் வழியை மட்டும்தான். திரும்பி வரும் குழாய் வழியே அழுத்தம் ஹீட்டருக்குள் அப்படியே இருக்கும். எனவே எஞ்சின் முற்றிலும் ஆறிய பிறகு, ஹீட்டருக்குப் போகும் இரு ரப்பர் குழாய்களையும் கழற்றி, ஒரு சிறு உலோகக் குழாயால் ஒன்றோடொன்று இணைத்து, கூலன்ட் நிரப்பி ஓட்டிப் பாருங்கள். ஆவி நின்றுவிட்டால் குற்றவாளி உள்ளே வெந்நீர் ஓடும் ஹீட்டர் ரேடியேட்டர்தான். சிந்திய கூலன்டை உடனே கழுவிவிடுங்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருப்பதால் நாய்கள் நக்கும், அது அவற்றைக் கொன்றுவிடும்.

நீலம் கலந்த புகையும் எண்ணெய் கருகும் நெடியும் வந்தால், கோளாறு ஹீட்டரில் இல்லை. எஞ்சினின் மேல்மூடிக் கேஸ்கெட்டிலிருந்து (கசிவைத் தடுக்கும் அடைப்புப்பட்டை) வழியும் எண்ணெய், எஞ்சினின் இடப்பக்கம் இருக்கும், கழிவு வாயுவை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின்மேல் விழுந்து கருகுகிறது; அந்தப் புகை பானெட்டின் பின்விளிம்பில் வெளியேறி, முன்கண்ணாடிக்குக் கீழுள்ள காற்றுச் சல்லடை வழியாக உள்ளே இழுக்கப்படுகிறது. சிவப்பு விளக்கில் நிற்கும்போது புகை கூடி, ஓடும்போது குறைந்தால் இதுவே பெரும்பாலும் காரணம். கேஸ்கெட்டை மாற்றும்போது மூடியின் இரண்டு நட்டுகளையும் அளவுக்குமேல் இறுக்காதீர்கள். மூடி வளைந்து கசிவு இன்னும் மோசமாகும்.

இதே வழியில்தான் எக்ஸாஸ்ட் கசிவும் உள்ளே வரும். அதிலுள்ள நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலியோ மயக்கமோ தோன்றினால் கூரையைத் திறந்து, வண்டியை நிறுத்தி, எல்லோரும் இறங்கிவிடுங்கள். மேனிஃபோல்டின் இணைப்புகளைச் சரிபார்க்காமல் குழந்தைகளை அந்தக் காரில் ஏற்றாதீர்கள்.

ஹீட்டர் ரேடியேட்டரை மாற்றத்தான் வேண்டும் என்று முடிவானால், ஹீட்டர் பெட்டியைக் கழற்றுவதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். வெளியே எடுத்த கையோடு விசிறி மோட்டாரைச் சுழற்றிப் பார்த்து, உதிர்ந்த நுரைப்பட்டைகளையும் இரு ரப்பர் குழாய்களையும் புதிதாக மாற்றி, இலைச்சருகு அடைத்திருக்கும் வடிகால் குழாயையும் சுத்தம் செய்துவிடுங்கள்.