போர்க்கைதிகள் வரலாற்று ஆய்வு: நிதி விண்ணப்பத்தில் எங்கே சறுக்குகிறோம்?

போர்க்கைதிகள் பற்றி ஆராய நிதி கேட்கும் வரைவு விண்ணப்பங்கள் பலவற்றைப் படித்துப் பார்த்திருக்கிறேன். அக்கறை இல்லாமல் எழுதிய ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் பலரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். தேடப்போகும் ஆவணம் எங்கே இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்காமலே பணக்கணக்குப் போட்டுவிடுகிறார்கள்.

ஜெனிவாவையே எடுத்துக்கொள்வோம். 1914 ஆகஸ்டில் சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு அங்கே போர்க்கைதிகளுக்கென ஒரு முகமையைத் தொடங்கியது. முதல் உலகப் போரில் அது சேர்த்த பெயரட்டைகள் சுமார் 70 லட்சம். அவை ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. இது தெரியாமல், அட்டைகளைப் பார்க்க ஜெனிவாவில் 3 வாரம் தங்க வேண்டும் என்று பயணச்செலவு கேட்டால், மதிப்பீட்டாளருக்கு மற்ற பக்கங்கள் மீதும் நம்பிக்கை போய்விடும். இரண்டாம் உலகப் போர் என்றால் நிலைமை தலைகீழ். அந்தத் தனிநபர் பதிவுகளுக்குக் கோரிக்கை அனுப்ப வேண்டும், காப்பகத்தார் தேடித் தருவார்கள், ஏற்கும் கோரிக்கைகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. அப்படியிருக்க, 6 மாத நல்கையில் (ஆய்வு நிதியுதவியில்) 500 பேரைத் தேடி முடிப்பதாக வாக்குக் கொடுக்கக் கூடாது.

இணையத்தில் இருப்பதாலேயே வேலை சுலபம் என்றும் நினைத்துவிட வேண்டாம். முதல் உலகப் போர் அட்டை ஒன்றைத் திறந்து பாருங்கள். பெயர், படைப்பிரிவு, அருகே கையால் எழுதிய ஓரிரு எழுத்துகள், ஓர் எண். பல அட்டைகளில் அவ்வளவுதான் இருக்கும். அந்த எண் வேறொரு பட்டியலின் பக்கத்தைக் காட்டுகிறது. எங்கே பிடிபட்டார், எந்த முகாமில் இருந்தார் என்பதெல்லாம் அந்தப் பட்டியலில்தான். ஒரே சிப்பாயின் பெயரை ஒருவர் ஒருவிதமாகவும் இன்னொருவர் வேறுவிதமாகவும் எழுதியிருப்பார்கள், அதனால் அட்டைகள் பல இடங்களில் சிதறிக் கிடக்கும். விண்ணப்பிக்கும் முன் 20 பெயர்களை நீங்களே தேடிப் பாருங்கள். ஒரு பெயருக்கு எத்தனை நிமிடம் ஆனது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கை விண்ணப்பத்தில் போட்டால், கேட்கும் தொகைக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

அடுத்த தவறு, யார் போர்க்கைதி என்று வரையறுக்காமல் விடுவது. 1943 செப்டம்பரில் இத்தாலி சரணடைந்த பிறகு, ஜெர்மனி பிடித்துச்சென்ற சுமார் 6 லட்சம் இத்தாலியப் படையினரை ‘இராணுவத் தடுப்புக்காவலில் உள்ளோர்’ என்று பெயர் மாற்றியது. போர்க்கைதி என்ற பெயர் போனதும், 1929 ஜெனிவா உடன்படிக்கையின் பாதுகாப்பும் அவர்களுக்கு மறுக்கப்பட்டது. ஒரு சொல்லால் இத்தனை பேரின் கதி மாறியது என்றால், நம் விண்ணப்பத்தில் அந்தச் சொல்லைப் போகிற போக்கில் எழுதிவிட முடியாது.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் போட்ட சயாம் (இன்றைய தாய்லாந்து)–பர்மா ரயில்பாதைக்கும் இதே எச்சரிக்கை தேவை. சுமார் 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் 60,000-க்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் வேலை வாங்கப்பட்டார்கள். 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் அவர்களைவிடப் பல மடங்கு அதிகம். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்களும் அவர்களில் உண்டு. சாவும் இந்தத் தொழிலாளர்களிடையேதான் அதிகம். ஆனால் சட்டப்படி அவர்கள் போர்க்கைதிகள் அல்ல. கைதி அட்டைகளில் அவர்கள் பெயர் வராது. ‘முகாம் வாழ்வு முழுவதையும் ஆராய்வேன்’ என்று எழுதிவிட்டு வெறும் கைதிப் பதிவுகளை மட்டும் ஆதாரமாகக் காட்டினால், அதிகம் பாதிக்கப்பட்டவர்களை நாமே இரண்டாம் முறை அழித்தவர்களாவோம்.

தாத்தா எந்த முகாமில் இருந்தார் என்ற தேடல் பலருக்குத் தொடக்கம். எனக்கு அதன்மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் நல்கை கிடைப்பது ஆய்வுக் கேள்விக்குத்தான். அந்த முகாமுக்குக் கடிதங்கள் ஏன் அவ்வளவு தாமதமாக வந்தன என்று கேட்டுப் பாருங்கள், அதே குடும்பக் கதை ஆய்வாகிவிடும்.

எந்தக் கதவைத் தட்டுவது என்பதும் கேள்வியைப் பொறுத்தது. முகாம்களில் பரவிய, வைட்டமின் குறைவால் வரும் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வை லண்டனின் வெல்கம் போன்ற, உடல்நலம் சார்ந்த அறக்கட்டளையிடம் கொண்டுபோகலாம். பொதுவான வரலாற்று ஆய்வுக்கு டுசல்டார்ஃபின் கெர்டா ஹென்கெல் அறக்கட்டளை போன்றவை உண்டு. முனைவர் பட்டம் வேண்டுமா, தனி ஆய்வாளரை ஏற்பார்களா என்பதை முதல் வரி எழுதும் முன்பே பார்த்துவிடுங்கள்.

அறநெறிப் பகுதியில் ‘சம்பந்தப்பட்ட எவரும் உயிருடன் இல்லை’ என்று ஒற்றை வரியில் முடிப்பவர்கள் உண்டு. அது போதாது. 1915 முதல் 1918 வரை ஜெர்மன் முகாம்களில் பிரஷ்ய ஒலிப்பதிவு ஆணையம் கைதிகளின் குரல்களைப் பதிவுசெய்தது. அவற்றில் பல இன்று பெர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தின் ஒலிக்காப்பகத்தில் இருக்கின்றன. முள்வேலிக்குள் இருந்தவர் மறுத்திருக்க முடியுமா? அந்தக் குரலை இன்று யார் கேட்கலாம், யாரிடம் அனுமதி கேட்பது, வாரிசுகளைத் தேடிப் போக என்ன செலவாகும்? இதற்கும் பட்ஜெட்டில் இடம் வேண்டும். பழைய ஜெர்மன் கையெழுத்தைப் படித்துத் தருபவரின் கூலியும், படங்களை அச்சிடும் உரிமைக் கட்டணமும் பெரும்பாலும் விட்டுப்போகிற வரிகள்தான்.