பிறர் கையெழுத்தில் உங்கள் கவிதை

எழுதிய கவிதையைத் திருத்த உட்காருமுன், நண்பர் ஒருவரிடம் கொடுத்து அவர் கையால் படியெடுத்துத் தரச் சொல்லுங்கள். ராணுவப் பள்ளி மாணவராக இருந்தபோது தம் கவிதைகளை அனுப்பிக் கருத்துக் கேட்ட ஃபிரான்ஸ் காப்புஸுக்கு 1903 முதல் 1908 வரை கடிதங்கள் எழுதிய ஜெர்மன் மொழிக் கவிஞர் ரில்கே, 1904 மே மாதம் ரோமிலிருந்து எழுதிய கடிதத்துடன், காப்புஸ் எழுதிய சானட் என்னும் பதினான்கு அடிக் கவிதை ஒன்றைத் தம் கையெழுத்தில் படியெடுத்து இணைத்திருந்தார். அதை முன்பின் பார்த்திராத அயலாருடைய கவிதைபோல வாசிக்கும்படியும் கேட்டுக்கொண்டார். விமர்சிக்கும் நோக்கம் தமக்கில்லை என்று முதல் கடிதத்திலேயே சொல்லிவிட்டவர் செய்த இந்தக் காரியம், என் பார்வையில், அவருடைய புகழ்பெற்ற அறிவுரைகள் பலவற்றைவிடப் பயன்மிக்கது. சொந்தக் கையெழுத்தில் பழகிய கண் தாண்டிச் சென்றுவிடும் தேவையற்ற அடைமொழியும், வலிந்து கொண்டுவந்த எதுகையும் அப்போது உடனே தென்படும். படியெடுக்க ஆள் கிடைக்காவிட்டால், கணினியில் எழுத்துருவையும் பக்க அகலத்தையும் மாற்றி, அச்சிட்டுப் படித்துப் பாருங்கள்.