சைடு எக்ஸாஸ்ட் மாட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிட் கார் என்பது பாகங்களாக வாங்கி நாமே கட்டும் கார், அதன் பக்கவாட்டில் ஓடும் புகைக்குழாய்தான் சைடு எக்ஸாஸ்ட். அதில் விரிசல் விழுந்தால் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். விரிசல் மேல் வெல்டிங் ஓட்டுவார்கள். பழைய பிராக்கெட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, இன்னும் கனமான தகட்டில் புதிதாக ஒன்று செய்து, முன்பைவிட இறுக்கி மாட்டுவார்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் அதே பைப் ஒரு சாண் தள்ளி உடையும். நானும் அதைச் செய்தவன்தான். இரண்டாவது முறை பிராக்கெட் அப்படியே நின்றது, எக்ஸாஸ்டை எஞ்சினோடு பிடித்திருக்கும், சிலிண்டர் ஹெட்டில் இருந்த ஸ்டட் என்ற திருகுக் கம்பி முறிந்தது. முறிந்த ஸ்டட்டைத் துளை போட்டு வெளியே எடுப்பதிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது.

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்களே, எக்ஸாஸ்டின் நிலைமை அதுதான். அதன் ஒரு முனை எஞ்சினில், மறுமுனை சேஸிஸில், அதாவது காரின் சட்டத்தில். எஞ்சின் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்து ஆடிக்கொண்டே இருக்கும், சேஸிஸ் ஆடாது. இந்த வித்தியாசத்தை நடுவில் எங்கோ ஓரிடம் ஏற்றுக்கொண்டாக வேண்டும். அது எந்த இடம் என்று நாம் முடிவு செய்யாவிட்டால், பைப்பில் எந்த இடம் பலவீனமோ அது தானே முடிவு செய்துகொள்ளும்.

சாதாரண காரில் இந்தத் தொல்லை குறைவு. பைப் காரின் அடியில் பின் பம்பர் வரை வளைந்து வளைந்து ஓடுகிறது, ரப்பர் வளையங்களில் தொங்குகிறது, அந்த நீளமே பாதி அசைவை விழுங்கிவிடும். 1957-இல் வந்த லோட்டஸ் செவன் என்ற சிறிய திறந்த காரின் வழியில் கட்டப்படும் கார்களிலோ, கோப்ரா என்ற ஸ்போர்ட்ஸ் காரின் பாணியில் வரும் கார்களிலோ அந்த வசதி இல்லை. பைப் பானெட்டின் பக்கத்திலோ முன் மட்கார்டுக்குப் பின்னாலோ வெளியே வந்து, காக்பிட் (உட்காரும் இடம்) ஓரமாக ஓடி, பின் சக்கரத்துக்கு முன்பே முடிந்துவிடும். நீளம் குறைவு, வளைவும் குறைவு.

எஞ்சின் எவ்வளவு ஆடும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிடும்போது எஞ்சின் கிராங்க் அச்சைச் சுற்றி 2 டிகிரி சாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு குழாய்களும் ஒன்று சேரும் கலெக்டர் அந்த அச்சிலிருந்து 300 மில்லிமீட்டர் தள்ளி இருந்தால், அது 10 மில்லிமீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். அதிலும் மோசமான ஆட்டம் முழு வேகத்தில் வருவதில்லை. எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போதும் நிறுத்தும்போதும் வரும் அந்த ஒரு குலுக்கல்தான் பெரியது. பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு வேறொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லிப் பாருங்கள், புரிந்துவிடும்.

இதனால்தான் முதல் பெரிய தவறு என்று நான் சொல்வது, கலெக்டருக்குப் பக்கத்திலேயே சேஸிஸில் ஒரு மவுண்ட் போடுவது. "கனமான சைலென்சர், முன்னால் ஒரு தாங்கல் இருந்தால் நல்லது" என்று தோன்றும். அந்தத் தாங்கல்தான் பைப்பை உடைக்கும். சைலென்சரின் முன் முனை எஞ்சினோடு சேர்ந்தே ஆடட்டும். பின் முனையை மட்டும், முடிந்தவரை தூரத்தில், மெத்தென்ற ரப்பரில் தாங்குங்கள். கலெக்டருக்கும் பின் மவுண்டுக்கும் இடையே 800 மில்லிமீட்டர் இருந்தால், முன்னால் ஏற்படும் 10 மில்லிமீட்டர் ஏற்ற இறக்கம் பின்னால் ஒரு டிகிரிக்கும் குறைவான சாய்வாகத்தான் போய்ச் சேரும். அதை ரப்பர் எளிதாகத் தாங்கிக்கொள்ளும். எடை உண்மையிலேயே அதிகம், ஸ்டட்கள் மேல் பாரம் ஏறுகிறது என்றால், கலெக்டரைத் தாங்கும் பிராக்கெட்டை எஞ்சின் பிளாக்கிலோ, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் பெல் ஹவுசிங்கிலோ மாட்டுங்கள். அது எஞ்சினோடு சேர்ந்து ஆடும், சண்டை வராது.

"நடுவில் ஒரு ஃப்ளெக்ஸ் பைப் வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்பது அடுத்த நம்பிக்கை. துருத்தி போன்ற அந்த ஸ்டெயின்லெஸ் மடிப்புகள் வளைவைத் தாங்கும், நீள்வதையும் சுருங்குவதையும் தாங்கும். முறுக்கினால் தாங்காது. நீளவாக்கில் வைத்த எஞ்சின் சாயும்போது, அதற்கு இணையாக ஓடும் பைப்புக்கு முறுக்கும் சேர்ந்தே வருகிறது. குட்டையான ஒரே ஒரு ஃப்ளெக்ஸை அங்கே வைத்து இரு பக்கமும் இறுக்கினால் மடிப்புகள் ஒவ்வொன்றாகக் கிழியும். ஒன்றுக்குள் ஒன்று செருகி, இரண்டு மூன்று ஸ்பிரிங்கால் இழுத்துப் பிடிக்கும் செருகு இணைப்புதான் இந்த இடத்துக்கு நல்லது. அது சுழலும், முன்பின் நகரும். செருகும் நீளம் பைப்பின் விட்டத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். அந்த இணைப்பில் லேசாகக் காற்று கசியும் என்பதால், அதற்குப் பின்னால் லாம்ப்டா சென்சரை (புகையில் உள்ள ஆக்ஸிஜனை அளக்கும் கருவி) பொருத்தாதீர்கள். வெளிக்காற்று உள்ளே புகுந்தால் சென்சர் எரிபொருள் குறைவு என்று தவறாகச் சொல்லும், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூ அதை நம்பிப் பெட்ரோலை வாரி ஊற்றும்.

இனி ரப்பர். இதில்தான் தவறுகள் அதிகம்.

கடையில் கிடைக்கும் மவுண்ட்களில் பலரும் எடுப்பது நூல்கண்டு போல இருக்கும் உருளை ரப்பர், இரு முனையிலும் ஒவ்வொரு திருகாணி. "கெட்டியான ரப்பராகக் கொடுங்கள், சீக்கிரம் போகக் கூடாது" என்று கேட்டு வாங்குவோம். அதிர்வைத் தடுப்பது ரப்பர் அங்கே இருப்பதால் மட்டும் நடந்துவிடாது, அது எவ்வளவு அமிழ்கிறது என்பதில்தான் விஷயம். சைலென்சரின் எடை ஏறியதும் ரப்பர் 1 மில்லிமீட்டர் அமிழ்ந்தால், அந்த அமைப்பின் இயல்பான அதிர்வெண், அதாவது தட்டிவிட்டால் அது தானாக ஆடும் வேகம், ஏறக்குறைய 16 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 16 முறை). கால் மில்லிமீட்டர்தான் அமிழ்கிறது என்றால் 32 ஹெர்ட்ஸ். நான்கு சிலிண்டர் எஞ்சின் ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல், 850 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 850 சுற்று) ஓடும்போது வெடிப்புகள் விநாடிக்கு 28 முறை வருகின்றன. வரும் அதிர்வு, ரப்பரின் இயல்பான அதிர்வெண்ணைப் போல 1.4 மடங்குக்கு மேல் இருந்தால்தான் ரப்பர் அதைத் தடுக்கத் தொடங்கும். முதல் ரப்பருக்கு அந்த எல்லை 22 அல்லது 23 ஹெர்ட்ஸ், ஆகவே ஐடிலில் வேலை செய்யும். இரண்டாவது ரப்பரோ ஐடிலின் 28-க்குப் பக்கத்திலேயே நிற்கிறது. தடுப்பதற்குப் பதிலாக அதிர்வைப் பெருக்கிக் கொடுக்கும். சிக்னலில் நிற்கும்போது கண்ணாடியும் ஸ்டியரிங்கும் நடுங்குகிற கார்களில் பல முறை காரணம் இதுதான். எஞ்சின் மவுண்டைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

ஓடும் எஞ்சினோடு சேரும்போது ரப்பர் சும்மா எடை ஏற்றிப் பார்க்கும்போது காட்டுவதைவிடக் கொஞ்சம் விறைப்பாகவே நடந்துகொள்ளும். ஆகவே கணக்கு ஓரளவுக்குத்தான். ஆனாலும் சைலென்சரை ஏற்றிப் பார்த்துவிட்டு, கண்ணுக்குத் தெரியும்படி அமிழ்கிறதா என்று பார்ப்பது நல்ல பழக்கம்.

அந்த உருளை ரப்பரை எப்படி வைக்கிறோம் என்பதும் முக்கியம். அழுத்தத்தைத் தாங்கும், பக்கவாட்டுத் தள்ளலை ஓரளவு தாங்கும். இழுத்துத் தொங்கவிட்டால் ரப்பரும் இரும்புத் தட்டும் ஒட்டியிருக்கும் இடம் ஒரு நாள் பிரிந்துவிடும். சைலென்சரை அதில் நேராகத் தொங்கவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. ரப்பர் பிரிந்தாலும் சைலென்சர் சாலையில் விழாதபடி, தளர்வான ஒரு இரும்புப் பட்டையோ ரப்பரின் நடுவே ஓடும் நீள போல்ட்டோ காவலுக்கு இருக்க வேண்டும். சாதாரண ரப்பர் 80 டிகிரிக்கு மேல் தொடர்ந்து சூடானால் கெட்டிப்பட்டு வெடிக்கும். சிலிகான் ரப்பர் 200 டிகிரி வரை சமாளிக்கும், ஆனால் கிழிசலைத் தாங்கும் வலிமை குறைவு. எதை எடுத்தாலும் சரி, பிராக்கெட்டை 5 சென்டிமீட்டர் நீட்டி ரப்பரைப் பைப்பிலிருந்து தள்ளி வைத்து, நடுவில் ஒரு சிறு தகட்டை மறைப்பாக நிறுத்தினால் பாதிப் பிரச்சினை போய்விடும்.

சூட்டில் பைப் நீளும். 1 மீட்டர் ஸ்டெயின்லெஸ் பைப் 400 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் நீளும், மைல்ட் ஸ்டீல் என்றால் 5. பைப் குளிர்ந்திருக்கும்போது ரப்பரை நேராக நிற்கவைத்து மாட்டினால், சூடானதும் அது ஒரு பக்கமாக இழுபட்டு நிற்கும், அப்புறம் ஒவ்வொரு பயணத்திலும் அதே இழுப்பு. குளிர்ந்த நிலையில் ரப்பரைச் சில மில்லிமீட்டர் முன்பக்கம் சாய்த்து மாட்டுங்கள். சூடானதும் தானே நடுவுக்கு வரும். பிராக்கெட்டின் துளையை நீளவாக்கில் அரம் போட்டு வைத்தால் இதைச் சரிசெய்வது சுலபம்.

மாட்டும் வரிசையிலும் பலர் கோட்டை விடுகிறார்கள். எஞ்சின் முழு எடையோடு தன் மவுண்ட் மேல் உட்கார்ந்த பிறகுதான் பிராக்கெட்டின் இடத்தைக் குறிக்க வேண்டும். எஞ்சின் கிரேனில் பாதி தொங்கும்போது அளவெடுத்தால் பின்னால் எல்லாம் தப்பும். எல்லா நட்டையும் தளர்வாகப் போட்டுவிட்டு, சிலிண்டர் ஹெட்டிலிருந்து தொடங்கிப் பின்பக்கமாக இறுக்கிக்கொண்டே வாருங்கள். கடைசி போல்ட் கையால் தள்ளினாலே துளைக்குள் போக வேண்டும். கம்பி விட்டு நெம்பித்தான் போகிறது என்றால், அந்த நெம்பல் முழுவதும் வெல்டிங்கில் போய் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

சேஸிஸ் பக்கம் ஒரே ஒரு எச்சரிக்கை. அலுமினியப் பக்கத்தகட்டில் ரிவெட் நட் (தகட்டுத் துளையில் அடித்துப் பொருத்தும் நட்) அடித்துச் சைலென்சரைத் தாங்கவைக்காதீர்கள். தகடு முரசு மாதிரி அதிரும், பிறகு துளையைச் சுற்றிக் கிழியும். சேஸிஸ் குழாயிலேயே, இரண்டு குழாய்கள் சந்திக்கும் முனைக்கு அருகில் பிராக்கெட்டை வையுங்கள். குழாயைத் துளைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் உள்ளே ஒரு சிறு குழாயைச் செருகி வெல்ட் செய்துவிட்டு அதன் வழியாக போல்ட் போடுங்கள். வெறும் குழாயை இறுக்கினால் சப்பையாகும். வெல்டிங்குக்கு முன் பேட்டரியையும் ஈசியூவையும் கழற்ற மறக்க வேண்டாம்.

நைலான் வளையம் வைத்த நட்டுகள் 120 டிகிரியைத் தாண்டினால் பிடியை இழக்கும். எக்ஸாஸ்ட் அருகே முழுக்க உலோகத்தாலான பூட்டு நட்டுகள்தான் பொருத்தம். ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் நட்டை எதுவும் தடவாமல் இறுக்கினால் பாதியிலேயே இறுகி ஒட்டிக்கொள்ளும், சூடு தாங்கும் பேஸ்டைத் தடவிவிடுங்கள்.

பக்கத்தகட்டில் பைப் வெளியே வரும் துளையை அழகுக்காகப் பைப்பை ஒட்டி வெட்டுவது இன்னொரு பிழை. நிற்கும்போது அழகாக இருக்கும். எஞ்சின் ஆடத் தொடங்கியதும் டக் டக் என்று தகட்டில் இடிக்கும். சுற்றிலும் குறைந்தது 20 மில்லிமீட்டர் இடம் விடுங்கள், ஃபைபர் கிளாஸ் பாடி என்றால் இன்னும் கொஞ்சம். அதிலுள்ள பாலியெஸ்டர் ரெசின் 100 டிகிரிக்கு முன்பே இளகத் தொடங்கிவிடும். இடம் போதுமா என்று கண்டுபிடிக்க எளிய வழி: குழந்தைகள் விளையாடும் களிமண்ணைச் சிறு உருண்டைகளாக்கி, இடிக்கும் என்று சந்தேகப்படும் இடங்களில் ஒட்டுங்கள். பைப் குளிர்ந்திருக்கும்போது எஞ்சினை நான்கைந்து முறை ஸ்டார்ட் செய்து உடனே நிறுத்துங்கள். எந்த உருண்டை நசுங்கியிருக்கிறது என்று பாருங்கள்.

காக்பிட்டிலிருந்து இறங்கும் கால் நேராகப் பைப் மேல் படும். கோப்ரா வைத்திருப்பவர்கள் அந்தத் தழும்பைப் பாம்புக்கடி என்று கேலியாகச் சொல்வதுண்டு. 70 டிகிரி உலோகம் ஒரு விநாடியிலேயே தோலைப் பொசுக்கும், ஓடி வந்த சைலென்சர் அதைவிடப் பல மடங்கு சூடு. ஆகவே துளையிட்ட தகட்டுக் காப்பு கட்டாயம். காப்பைப் பைப்போடு ஒட்டி வெல்ட் செய்தால் அதுவும் அதே சூட்டுக்கு வரும். சிறு கால்கள் வைத்து 10 மில்லிமீட்டராவது தள்ளி நிறுத்துங்கள், அந்தச் சிறு கால்கள் இருக்கும் இடங்களிலும் வெப்பம் ஏறும் என்பதை நினைவில் வைத்து அவற்றை மேல்பக்கம் வைக்காதீர்கள். துணிப்பட்டை சுற்றினால் போதாதா என்று கேட்பார்கள். பட்டை ஈரத்தைப் பிடித்து வைத்து மைல்ட் ஸ்டீலை அரிக்கும், பைப்பின் சூட்டையும் கூட்டும், அப்போது மேலே சொன்ன நீட்சியும் கூடும். சைலென்சர் மேல் மட்டும் ஒருபோதும் சுற்றாதீர்கள், உள்ளே இருக்கும் பஞ்சு சீக்கிரம் கருகிப் பறந்துவிடும்.

வாயு வெளியேறும் முனையை உட்காருபவரின் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய், வெளிப்பக்கம் திருப்பி விடுங்கள். திறந்த காரில் முன்கண்ணாடிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைவு, அதனால் புகை காக்பிட்டுக்குள் இழுபடும். அதில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு இருக்கிறது. டயர் மீது நேராக ஊதும்படியும் வைக்கக் கூடாது.

பலர் கவனிக்காத ஒன்று எர்த் கம்பி. எஞ்சினும் ரப்பரில், இப்போது எக்ஸாஸ்டும் ரப்பரில். இதுவரை எர்த் பட்டை அறுந்திருந்ததே தெரியாமல், ஸ்டார்ட்டர் மின்சாரம் எக்ஸாஸ்ட் பிராக்கெட் வழியாகப் போய்க்கொண்டிருந்திருக்கலாம். அந்த வழியை அடைத்ததும் அது ஆக்ஸிலரேட்டர் கேபிளைத் தேடும், கேபிள் சூடாகி இறுகிக்கொள்ளும். ரப்பர் போட்ட அன்றே எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் இடையே தடிமனான ஒரு பட்டையைப் புதிதாகப் போட்டுவிடுங்கள்.

முதல் ஓட்டம் 20 நிமிடம் போதும். அதற்கு முன் ஒவ்வொரு நட்டின் மேலும் பிராக்கெட்டின் மேலும் சேர்த்துப் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். திரும்பி வந்து முழுக்க ஆறவிட்டு, கோடு விலகிய நட்டுகளை இறுக்குங்கள். மறுபடி ஓட்டுங்கள். இரண்டாவது முறையும் அதே நட்டின் கோடு விலகியிருந்தால் அதை இன்னும் இறுக்க வேண்டாம். அந்த பிராக்கெட்டைக் கழற்றிவிட்டு, பைப் தானாக எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள்.