பெட்ரோல் மாடல் விமான இன்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லையா? முதலில் பிளக்கைக் கழற்றுங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை அருமையாகப் பறந்த 20 சிசி இன்ஜின், இந்த வாரம் மைதானத்தில் ஐம்பது தடவை ப்ராப்பைத் (முன்னால் சுற்றும் ப்ரொப்பெல்லரை) தட்டியும் ஒரு இருமல்கூட விடாது. அப்போது பெரும்பாலானோரின் கை நேராக ஸ்க்ரூ டிரைவருக்குத்தான் போகிறது. கார்புரேட்டரில் இருக்கும் எல், ஹெச் என்ற இரண்டு நீடில்களையும் (குறைந்த வேகத்துக்கும் அதிக வேகத்துக்கும் பெட்ரோல் அளவைச் சரிசெய்யும் திருகுகள்) இங்கே அரைச் சுற்று, அங்கே கால் சுற்று என்று திருப்ப ஆரம்பித்துவிடுவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நீடிலை ஸ்பிரிங் இறுக்கிப் பிடித்திருக்கிறது, ஒரு வாரத்தில் அது தானாகத் திரும்பிக்கொள்வது அபூர்வம். நீங்கள் திருப்பிவிட்டால், இதுவரை ஒரு கோளாறு இருந்த இடத்தில் இரண்டு ஆகிவிடும்.

கை வைப்பதற்கு முன்: வாலைக் கயிற்றால் கட்டுங்கள், அல்லது ஒருவரைப் பிடிக்கச் சொல்லுங்கள். வெறும் விரலால் ப்ராப்பைத் தட்டவே கூடாது, தடித்த தோல் கையுறை வேண்டும், இல்லையென்றால் ரப்பர் சுற்றிய குச்சி. ஆன் செய்யச் சொல்லும் இடங்களைத் தவிர, சோதனை நடக்கும்போது இக்னிஷன் சுவிட்ச் ஆஃபில் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். ஸ்டார்ட் ஆகாத இன்ஜின்தான் எதிர்பாராத நேரத்தில் ஸ்டார்ட் ஆகும், விரல் போவது அப்போதுதான்.

சரி, பிளக்கைக் கழற்றுங்கள். இந்த அளவு இன்ஜின்களில் பெரும்பாலும் என்ஜிகே சிஎம்-6 வகைதான் இருக்கும். அதன் முனை ஈரமா, காய்ந்திருக்கிறதா? அடுத்து எந்தப் பக்கம் தேட வேண்டும் என்பதை இந்த ஒரு பார்வை சொல்லிவிடும். ஈரம் என்றால் பெட்ரோல் சிலிண்டர் வரை வந்துவிட்டது, நீங்கள் பார்க்க வேண்டியது கரண்ட்டை. காய்ந்திருந்தால் பெட்ரோலே வந்து சேரவில்லை.

ஈரமாக, சொட்டுகிற அளவுக்கு இருந்தால் சோக் அதிகமாகி இன்ஜின் பெட்ரோலில் முழுகியிருக்கும். இக்னிஷன் ஆஃப், சோக்கைத் திறந்துவிட்டு த்ராட்டிலை முழுவதும் திறந்து, பிளக் இல்லாமலே பத்துப் பதினைந்து தடவை ப்ராப்பைச் சுற்றுங்கள், உள்ளே இருப்பது வெளியே தெறித்துவிடும். பிளக்கைத் துடைத்துக் காய வைத்து, இடைவெளி 0.45 முதல் 0.5 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா பாருங்கள்.

அப்புறம் கரண்ட் சோதனை. தெறித்த பெட்ரோலை எல்லாம் நன்றாகத் துடைத்து, ஆவி போகச் சில நிமிடம் விட்டு, பிளக் ஓட்டையைத் துணியால் மூடிய பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். பிளக்கை கேப்பில் முழுவதும் அழுத்தி மாட்டி, அதன் உலோக உடம்பு சிலிண்டரைத் தொடும்படி, ஆனால் ஓட்டையிலிருந்து தள்ளி வையுங்கள். இக்னிஷனை ஆன் செய்து ப்ராப்பைச் சுற்றினால், ப்ராப்போடு சேர்ந்து சுற்றும் மேக்னெட் சென்சாரைக் கடக்கும் ஒவ்வொரு தடவையும் 'டிக்' என்று பொறி வர வேண்டும். பிளக் எர்த் ஆகாமல் சிடிஐயை (பேட்டரி கரண்ட்டைப் பொறிக்கான கரண்ட்டாக மாற்றும் மின்னணுப் பெட்டி) வேலை செய்ய விடாதீர்கள், உள்ளே உருவாகும் உயர் மின்னழுத்தம் போக வழியில்லாமல் சிடிஐயே போய்விடக்கூடும்.

பொறி வரவில்லை என்றால் விலை அதிகமான பொருளைச் சந்தேகிக்காமல் மலிவானதிலிருந்து ஆரம்பியுங்கள். முதலில் பேட்டரி. சும்மா இருக்கும்போது மீட்டர் வைத்தால் நல்ல வோல்ட் காட்டும், ஆகவே இக்னிஷன் ஆனில் இருக்கும்போதே அளந்து பாருங்கள். அடுத்து சுவிட்ச், அதிர்விலேயே வாழ்வதால் அதன் உள் தொடர்பு தேய்ந்துவிடும். ரிசீவர் வழியாக இக்னிஷனை அணைக்கும் கருவி வைத்திருப்பவர்கள், டிரான்ஸ்மிட்டரில் அந்தச் சேனல் எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள், புது மாடல் மெமரிக்கு மாறியதில் தலைகீழாகியிருக்கலாம். பிறகு பிளக் கேப், அது பாதி மட்டும் உட்கார்ந்திருந்தாலும் பொறி கோளாறாகும். சென்சார் வயர் ப்ராப் பக்கம் உரசி அறுந்திருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். இவை எல்லாம் சரியாக இருந்தும் பொறி இல்லையென்றால், சென்சாரையோ சிடிஐயையோ நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கி மாற்றிப் பார்ப்பதே வேகமான வழி.

பொறி நன்றாக வருகிறது, ஆனால் இன்ஜின் திருப்பி உதைக்கிறது என்றால், ப்ராப் எப்போதாவது தரையில் அடித்ததா என்று யோசியுங்கள். மேக்னெட் இருப்பது ப்ராப் ஹப்பில். அந்த அடியில் ஹப் கொஞ்சம் நகர்ந்தாலும் டைமிங் மாறிவிடும். பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சுமார் 28 முதல் 30 டிகிரிக்கு முன்னால் பொறி வர வேண்டும்.

இனி காய்ந்த பிளக். எனக்கு இதுதான் அதிகம் நேர்ந்திருக்கிறது, காரணம் பெரும்பாலும் டேங்க்தான். டேங்குக்குள் காற்று போக விடும் வென்ட் குழாயை மூடியிருந்த அடைப்பானை எடுக்க மறந்திருப்போம். டேங்கின் உள்ளே கிளங்க் (பெட்ரோலை உறிஞ்சும் முனையை அடியில் வைத்திருக்கும் எடைக்கட்டி) மாட்டிய குழாய் விறைத்து வெடித்திருக்கும், அப்படியானால் இன்ஜின் பெட்ரோலுக்குப் பதில் காற்றை இழுக்கும். மெத்தனால் இன்ஜின்களுக்குப் போடும் சிலிக்கான் குழாயை இங்கே போட்டிருந்தால் பெட்ரோலில் ஊறி உப்பிவிடும், டைகான் அல்லது வைட்டான் குழாய்தான் சரி. சோக்கை மூடி, இக்னிஷனை ஆஃப் செய்துவிட்டு, குழாயைப் பார்த்தபடி ப்ராப்பைச் சுற்றுங்கள். குமிழி இல்லாமல் பெட்ரோல் கார்புரேட்டர் வரை நகர்ந்து வர வேண்டும்.

குழாயில் பெட்ரோல் நகரவே இல்லை, டேங்க் பக்கம் சரி என்றால் கார்புரேட்டரைத் திறக்க வேண்டும். வால்ப்ரோ வகைக் கார்புரேட்டரில் தனியாக மோட்டார் பம்ப் இல்லை. கிராங்க் கேஸில் பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது உண்டாகும் அழுத்த மாற்றம் ஒரு சிறு துளை வழியாக வந்து மெல்லிய டயஃப்ரம் ஒன்றைத் துடிக்க வைக்கிறது, அந்தத் துடிப்புதான் பெட்ரோலை இழுக்கிறது. கேஸ்கெட்டைத் திருப்பி மாட்டி அந்தத் துளையை அடைத்துவிட்டால் நாள் முழுக்கத் தட்டினாலும் ஒரு சொட்டு வராது. அந்தப் பக்க மூடிக்கு அடியில் மிக நுண்ணிய வலை ஒன்று இருக்கும், அதில் பிசின் போல் படிந்திருக்கும் அழுக்கைக் கழுவுங்கள். டயஃப்ரம் ரப்பர் போல் வளையாமல் அட்டை மாதிரி விறைத்திருந்தால் கழுவிப் பயனில்லை, கிட் வாங்கி மாற்றுங்கள். மறுபக்க மூடியில் இருக்கும் சின்ன ஓட்டை காற்று போவதற்கு, அதை அடைத்துவிடாதீர்கள்.

நம் ஊர் பங்க்குகளில் இப்போது கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். மாதக் கணக்கில் கேனில் வைத்த கலவையை ஊற்றி ஸ்டார்ட் செய்யப் பார்ப்பது வீண் வேலை, புதிதாகக் கலந்துகொள்ளுங்கள். 30:1 என்றால் ஒரு லிட்டருக்கு 33 மில்லி டூ-ஸ்ட்ரோக் ஆயில், 40:1 என்றால் 25 மில்லி. எது என்பதை உங்கள் இன்ஜின் கையேடு சொல்லும்.

இவ்வளவும் சரி பார்த்தாயிற்றா? சோக் மூடி, த்ராட்டிலைச் சற்றே திறந்து, இக்னிஷன் ஆன். அரைமனதாகத் தள்ளாமல் ஓங்கித் தட்டுங்கள். 'பட்' என்று ஒரு வெடி கேட்டதும் நிறுத்தி சோக்கைத் திறந்துவிடுங்கள். அந்த வெடியைக் கவனிக்காமல் சோக்கோடு தட்டிக்கொண்டே போவதால்தான் பாதி இன்ஜின்கள் முழுகுகின்றன. சோக் திறந்ததும் நாலைந்து தட்டில் பிடித்துக்கொள்ள வேண்டும். சோக்கில் வெடித்து, திறந்ததும் அணைந்து, மறுபடி மறுபடி அதேதான் நடக்கிறது என்றால் மட்டும் நீடில் பக்கம் போங்கள். இரண்டையும் மென்மையாக, அழுத்தாமல் முழுவதும் மூடி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று திறந்து வைத்து மறுபடி தட்டுங்கள். நுணுக்கமான சரிபார்ப்பை இன்ஜின் ஓரிரு நிமிடம் ஓடிச் சூடான பிறகு வைத்துக்கொள்ளலாம்.