கெடு டிசம்பரில், டெலிவரி தையில்: மின்சாரக் காருக்கு எப்போது முன்பணம் கட்டுவது?

கோயம்புத்தூரிலோ ஈரோட்டிலோ மின்சாரக் கார் ஷோரூமுக்குள் நுழைபவர் காதில் முதலில் விழுவது, "சலுகை இந்த மாசத்தோட முடியுதுங்க, இன்னைக்கே புக் பண்ணிருங்க" என்பதுதான். அது பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எந்தச் சலுகை, அதைத் தருவது யார், எந்த நாளை வைத்துக் கணக்கிடுகிறார்கள் என்ற மூன்றையும் கேட்டுத் தெளியாமல் பணம் கட்டுவது, பத்திரம் பார்க்காமல் பூமிக்கு அட்வான்ஸ் கொடுப்பதைப் போன்றது.

முதலில் ஒரு தவறான எதிர்பார்ப்பை ஒதுக்கிவிடலாம். மத்திய அரசின் மானியம் வரட்டும் என்று காத்திருப்பவர்கள் பலர். 2019 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரை நடந்த ஃபேம் 2 திட்டத்திலும், 2024 அக்டோபரில் தொடங்கிய பிஎம் இ-டிரைவ் திட்டத்திலும் சொந்த உபயோகக் காருக்கு வாங்கும் மானியம் கிடையாது. இருசக்கர வாகனம், மூன்று சக்கர வாகனம், பேருந்து போன்றவற்றுக்கே அந்தப் பணம் போயிற்று. ஸ்கூட்டருக்கான மானியம் 2023 ஜூனில் பேட்டரித் திறனில் ஒவ்வொரு கிலோவாட்-மணிக்கும் (ஒரு யூனிட்டுக்கும்) 15,000 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாகவும், 2024 ஏப்ரலில் 5,000 ரூபாயாகவும் குறைந்ததைப் பார்த்தவர்கள், காருக்கும் அப்படித்தான் ஏதோ ஒன்று கைநழுவுகிறது என்று அஞ்சுகிறார்கள். காரைப் பொறுத்தவரை நழுவுவதற்கு அங்கே எதுவும் இருக்கவில்லை.

கார் விலையில் உண்மையில் கிடைத்து வந்தவை இரண்டு. ஒன்று ஜிஎஸ்டி: 2019 ஆகஸ்ட் 1 அன்று 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 22 அன்று சிறிய பெட்ரோல் கார்களின் வரி 18 சதவீதமாக இறங்கியபோதும் மின்சாரக் காரின் 5 சதவீதம் மாறவில்லை. பெட்ரோல் காருக்கும் இதற்கும் இருந்த விலை இடைவெளிதான் சுருங்கியது. மற்றொன்று மாநில அரசின் சாலை வரி விலக்கு. பெரிய தொகை இதில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் ஆயுட்கால வரி உயர்த்தப்பட்ட பிறகு, புதிய காரின் விலை 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 என்று ஆயிற்று. 15 லட்ச ரூபாய்க் காருக்கு இந்த விலக்கின் மதிப்பு 2.70 லட்சம். ஷோரூமில் தரும் மிதியடியையும் சீட் கவரையும் பேசி வாங்குவதில் செலவிடும் நேரத்தை இந்த ஒரு வரியைப் புரிந்துகொள்ளச் செலவிடுவது மேல்.

இந்த விலக்குக்கு எப்போதும் ஒரு முடிவுத் தேதி இருந்து வந்திருக்கிறது. 2019 செப்டம்பரில் வெளியான மாநில மின்வாகனக் கொள்கை முழு விலக்கை அறிவித்தது. அதற்கான ஆணை நடைமுறைக்கு வந்ததோ 2020 நவம்பர் 3 அன்று. அறிவிப்பை நம்பி இடைப்பட்ட பதினான்கு மாதங்களில் கார் வாங்கியவருக்கு முழு விலக்கு கிடைத்திருக்காது. அந்த ஆணையின் கெடு 2022 டிசம்பர் 31. அதன் பிறகு வந்த 2023ஆம் ஆண்டுக் கொள்கையின் கெடு 2025 டிசம்பர் 31. ஆகவே செய்தித்தாளில் அமைச்சர் பேச்சைப் பார்த்து முடிவெடுக்காமல், நீங்கள் வாங்கும் நாளில் நடப்பில் உள்ள அரசாணையின் எண்ணையும் அதில் அச்சான முடிவுத் தேதியையும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நாள் கணக்கு. முன்பணம் கட்டிய நாளுக்குச் சலுகையில் எந்த மதிப்பும் இல்லை. சாலை வரிக்கு வண்டி பதிவாகும் நாள்தான் கணக்கு. ஒவ்வொரு சலுகைக்கும் இப்படி ஒரு நாள் உண்டு. மின்வாகனக் கடன் வட்டிக்கு ஆண்டுக்கு 1.50 லட்சம் வரை கழிவு தந்த வருமான வரிச் சட்டத்தின் 80இஇபி பிரிவில், 2019 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31 வரை வங்கி கடனை அனுமதித்த நாளைப் பார்த்தார்களே தவிர, கார் வீட்டுக்கு வந்த நாளைப் பார்க்கவில்லை. புக்கிங் படிவத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: டெலிவரி நாளன்று நடப்பில் உள்ள விலையும் வரியுமே பொருந்தும். அந்த வரிக்குக் கீழேதான் உங்கள் கையெழுத்து.

நம் பக்கத்தில் இன்னொரு காலண்டரும் சுவரில் தொங்குகிறது. ஆடியிலும் மார்கழியிலும் புது வண்டி எடுப்பதில்லை என்பது பெரும்பாலான வீடுகளில் இன்றும் பேச்சுக்கு இடமில்லாத விஷயம். மார்கழி டிசம்பர் 16 வாக்கில் பிறக்கிறது. சலுகைக் கெடுவோ இருமுறையும் டிசம்பர் 31. எனவே கெடு 31 என்று எழுதியிருந்தாலும், உங்கள் வீட்டுக்கு அது கார்த்திகைக் கடைசி.

இதில் நானே அடிபட்டிருக்கிறேன். 2022 ஐப்பசியில் ஒரு ஷோரூமில் முன்பணம் கட்டினேன்; கார்த்திகை முடிவதற்குள் வண்டி உறுதி என்றார்கள். நான் கேட்ட வெள்ளை நிறம் லாரியில் வந்து இறங்கியபோது மார்கழி பிறந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. "மார்கழில யாராச்சும் வண்டி எடுப்பாங்களா கண்ணு?" என்றார் அப்பா, தை பிறக்கட்டும் என்று விட்டால் வரி விலக்கு போய்விடுமோ என்ற பயம் எனக்கு. கடைசியில் டிசம்பர் 28 அன்று வண்டியைப் பதிவு செய்துவிட்டு, ஷோரூம் கொட்டகையிலேயே நிறுத்திவைத்து, தை முதல் வாரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து எடுத்து வந்தோம். பதிவுக்கு ஒரு நாள், எடுப்பதற்கு ஒரு நாள் என்று பிரிப்பது நல்ல வழிதான். ஆனால் இன்சூரன்ஸ் பதிவன்றே ஓடத் தொடங்குவதையும், ஆர்சி புத்தகத்தில் வண்டிக்கு ஒரு வயது கூடிவிடுவதையும் விற்கும்போது உணர்வீர்கள். பின்னர் அந்த விலக்கு 2025 வரை நீண்டது. அதை அன்றே அறிந்திருந்தால் பதற்றம் மிச்சமாகியிருக்கும்.

ஆகவே கெடுவிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். டெலிவரிக்கு எத்தனை வாரம் என்று ஷோரூம் சொல்கிறதோ அத்துடன் இன்னும் மூன்று வாரம் சேருங்கள். பதிவுக்கு ஒரு வாரம். கெடு டிசம்பரில் என்றால் மார்கழிக்காகப் பதினைந்து நாள். எட்டு வாரக் காத்திருப்பு என்று சொல்லப்படும் காருக்கு இந்தக் கணக்கில் செப்டம்பர் கடைசியிலேயே பணம் கட்டியிருக்க வேண்டும். அந்தத் தேதி தாண்டிவிட்டதா? குறிப்பிட்ட நிறத்தை விட்டுக்கொடுத்துக் கையிருப்பில் உள்ள வண்டியைப் பாருங்கள், அல்லது அவசரத்தையே விட்டுவிடுங்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்தான் முழு வரியும் கட்டி, மார்கழியிலும் எடுக்கிறார். அவசரமில்லாதவருக்கு ஆடி நல்ல மாதம்: கூட்டம் இல்லாத ஷோரூமில் பேரம் படியும், பணத்தைக் கட்டிவிட்டு ஆவணியில் எடுத்துக்கொள்ளலாம்.

காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டும் ஒருவருக்கு, லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் காரில், லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் ஏறக்குறைய 6,700 ரூபாய் ஆகும். மின்சாரக் கார் ஒரு யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் ஓடுமானால் 143 யூனிட். இரண்டு மாதப் பயன்பாடு 500ஐத் தாண்டும் வீட்டில் மேல் அடுக்குக் கட்டணம் யூனிட்டுக்கு 10 ரூபாய் என்று எடுத்தால் 1,430 ரூபாய். மாத மிச்சம் 5,000 ரூபாய்க்கு மேல். வருமோ வராதோ என்றிருக்கும் ஒரு சலுகைக்காக ஆறு மாதம் தள்ளிப்போட்டால் 30,000 ரூபாய் கையைவிட்டுப் போகிறது. மாதம் 2,000 கிலோமீட்டர் அலைபவருக்கு இது இரட்டிப்பாகும். மாதம் ஒருமுறை பழனிக்கு மட்டும் வண்டி எடுப்பவருக்குக் காத்திருப்பதில் நட்டமே இல்லை. ஷோரூமில் ஆன்ரோடு விலையை இரண்டு தாளாகக் கேளுங்கள்: வரி விலக்கோடு ஒன்று, விலக்கில்லாமல் ஒன்று. இரண்டாவது தாளைப் பார்த்தும் கார் வேண்டும் என்று தோன்றினால் கெடு உங்களை விரட்டாது. அந்தத் தாளில் 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 1 சதவீதம் டிசிஎஸ் (விற்பவர் வாங்கி அரசுக்குக் கட்டும் வருமான வரி) என்று இருக்கும். அது வருமான வரிக் கணக்கில் திரும்ப எடுத்துக்கொள்ளக்கூடிய பணம், செலவில் சேர்க்க வேண்டாம்.

கம்பெனி பெயரில் வாங்கும் பனியன் முதலாளிகளுக்குக் கணக்கு சற்று வேறு. வாங்கிய நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்திய வண்டிக்குத் தேய்மானம் (மதிப்புக் குறைவுக்காக வரிக் கணக்கில் தரும் கழிவு) அந்த ஆண்டு பாதிதான் கிடைக்கும் என்பதால், அக்டோபர் 3ஆம் தேதிக்குள் வண்டி ஓடத் தொடங்குவது அவர்களுக்கு டிசம்பர் கெடுவைப் போலவே முக்கியம். வாளையாறு தாண்டிப் பாலக்காட்டில் பதிவு செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு: கேரளம் 2025 ஏப்ரல் முதல் மின்சாரக் காருக்கு 15 லட்சம் வரை 5 சதவீதம், 20 லட்சம் வரை 8, அதற்கு மேல் 10 என்று வரி வாங்குகிறது. இங்கே விலக்கு இருக்கும் வரையில் அந்த யோசனையில் பொருளில்லை.

முன்பணம் கட்டும் அன்றே மின்வாரியத்தில் கூடுதல் மின்சுமைக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். வீட்டுச் சார்ஜர் 7 கிலோவாட் வரை இழுக்கும். பழைய ஒரு முனை (சிங்கிள் பேஸ்) இணைப்பு அதைத் தாங்காது. இணைப்பு தாமதமானால் அதுவரை தோட்டத்து மோட்டார் ரூமில் சொருகிக்கொள்ளலாம் என்று எண்ணாதீர்கள். அந்த இலவச மின்சாரம் விவசாயத்துக்கு மட்டும் தரப்பட்டது. அதில் காரைச் சார்ஜ் செய்தால் அபராதம் கட்ட நேரும்.