பைனரி எக்ஸ்ப்ளாய்டேஷன் பழக உங்கள் கம்ப்யூட்டரைத் தயார் செய்வது எப்படி?

பைனரி எக்ஸ்ப்ளாய்டேஷன் என்பது கம்பைல் ஆன நிரலில் உள்ள பிழையைப் பயன்படுத்தி, அதை நாம் விரும்பியபடி ஓட வைப்பது. மண்டபம், கீழக்கரை, தொண்டிப் பக்கத்துப் பிள்ளைகள் இந்தத் துறைக்கு நிறைய வரவேண்டும் என்பது என் ஆசை. இதற்காகப் பெங்களூருக்குப் போய் கோர்ஸ் சேர வேண்டாம். 8 ஜிபி ரேம் உள்ள இன்டெல் அல்லது ஏஎம்டி லேப்டாப் போதும். சி மொழியும் லினக்ஸ் டெர்மினலும் ஓரளவு பழக்கம் என்று வைத்துக்கொள்கிறேன். கட்டளைகளை உச்சரிப்பாக எழுதியிருக்கிறேன், ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

முதலில் பயாஸுக்குள் போய் விர்ச்சுவலைசேஷனை ஆன் செய்யுங்கள். விர்ச்சுவல்பாக்ஸ் (கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் மென்பொருள்) நிறுவி, அதற்குள் உபுண்டு 24.04 போடுங்கள். 4 ஜிபி ரேம், 25 ஜிபி டிஸ்க் கொடுத்தால் தாராளம். காளி லினக்ஸ் வேண்டாம். அதில் வரும் நூற்றுக்கணக்கான கருவிகள் இந்த வேலைக்குத் தேவையே இல்லை. மொபைல் டேட்டாவில் இறக்குகிறவர்கள் உபுண்டுவின் சர்வர் பதிப்பை எடுங்கள், டெஸ்க்டாப் பதிப்பில் ஏறக்குறைய பாதி அளவுதான்.

அடுத்து ஜிசிசி (சி கம்பைலர்), ஜிடிபி (நிரலை நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் டீபக்கர்), பைதான், பிடபிள்யூஎன்டூல்ஸ் (எக்ஸ்ப்ளாய்ட் எழுத உதவும் பைதான் லைப்ரரி). ஜிடிபிக்கு மேல் பிடபிள்யூஎன்டிபிஜி என்ற கூடுதல் இணைப்பைப் போடுங்கள். ஸ்டாக், ரெஜிஸ்டர், அசெம்பிளி மூன்றையும் ஒரே திரையில் காட்டுவதால் வெறும் ஜிடிபியைவிட இதுதான் எனக்குப் பிடிக்கும். எல்லாம் முடிந்த கையோடு விர்ச்சுவல்பாக்ஸில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவிடுங்கள், ஏதாவது கெட்டுப்போனால் இந்த நிலைக்கே திரும்பலாம்.

இப்போது சோதனை நிரல். தனி ஃபங்ஷன் ஒன்றில் 64 பைட் பஃபர் வைத்து, ரீட் மூலம் 200 பைட் வாங்குங்கள். கம்பைல் செய்யும்போது மூன்று பாதுகாப்புகளை அணைக்க வேண்டும் (ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு '-' போடுங்கள்): பஃபர் நிரம்பி வழிவதைக் கண்டுபிடிக்கும் ஸ்டாக் கேனரிக்கு 'எஃப்-நோ-ஸ்டாக்-ப்ரொடெக்டர்', ஸ்டாக்கில் கோட் ஓட 'இசட் எக்ஸெக்ஸ்டாக்', நிரலின் முகவரி மாறாமலிருக்க 'நோ-பை'. பாதுகாப்புகளைப் பட்டியலிடும் செக்செக் கருவியை ஓட்டி மூன்றும் அணைந்ததா என்று பாருங்கள்.

நூறு 'ஏ' கொடுத்தால் நிரல் விழும். ஆனால் அடுத்து ஓடவேண்டிய கட்டளையின் முகவரி இருக்கும் ஆர்ஐபி ரெஜிஸ்டரில் 4141 ('ஏ'யின் ஹெக்ஸ் மதிப்பு 41) என்று தெரியாது. 64 பிட் சிபியு அப்படிப்பட்ட செல்லாத முகவரிக்குத் தாவாமல், ஃபங்ஷனிலிருந்து திரும்பும் ரெட் கட்டளையிலேயே நின்றுவிடும். ஸ்டாக்கின் உச்சியைச் சுட்டும் ஆர்எஸ்பி ரெஜிஸ்டர் காட்டும் இடத்தைப் பாருங்கள், உங்கள் 'ஏ'க்கள் அங்கே வரிசையாக நிற்கும். பஃபர் 64, ஸ்டாக்கில் சேமித்த பழைய ஆர்பிபி ரெஜிஸ்டர் 8, ஆக 72 பைட்டுக்கு அப்புறம் ரிட்டர்ன் அட்ரஸ் (ஃபங்ஷன் முடிந்ததும் தாவ வேண்டிய முகவரி).

பலர் கைவிட்டு எழுந்து போகிற இடம் இனிமேல்தான் வருகிறது. ஸ்டாக்கில் ஷெல்கோட் (ஷெல்லைத் திறக்கும் சிறு மெஷின் கோட்) வைத்து, அதன் முகவரியை ரிட்டர்ன் அட்ரஸில் எழுதினால், ஜிடிபிக்குள் ஷெல் கிடைக்கும், வெளியே ஓட்டினால் செக்மென்டேஷன் ஃபால்ட். காரணம், ஜிடிபி தனக்குள் ஓடும் நிரலுக்கு ஏஎஸ்எல்ஆரை (மெமரி முகவரிகளை ஒவ்வொரு முறையும் மாற்றிவைக்கும் பாதுகாப்பு) தானே அணைத்துவிடும். வெளியே அது ஆனில் இருப்பதால் ஸ்டாக் முகவரி ஒவ்வொரு முறையும் மாறும். அதை மொத்தமாக அணைக்க, லினக்ஸ் கெர்னலின் 'ரேண்டமைஸ்_விஏ_ஸ்பேஸ்' மதிப்பை 2-இலிருந்து 0 ஆக்கச் சொல்வார்கள். ஆனால் ரீபூட் ஆனால் பழையபடி 2. நம்ம பக்கம் கரண்ட் போய் மெஷின் அணைந்தால், மத்தியானம் ஓடிய எக்ஸ்ப்ளாய்ட் சாயங்காலம் ஓடாது. அதனால் 'செட்ஆர்க் -ஆர்' (பெரிய ஆர்) போட்டு அந்த ஒரு நிரலை மட்டும் ஏஎஸ்எல்ஆர் இல்லாமல் ஓட்டுவதே நல்லது.

அப்படியும் முகவரி கொஞ்சம் தள்ளியே இருக்கும். லைன்ஸ், காலம்ஸ் என்ற இரண்டு என்விரான்மென்ட் வேரியபிள்களை ஜிடிபி சேர்ப்பதும் ஸ்டாக்கைக் கீழே தள்ளும். ஜிடிபிக்குள் 'அன்செட் என்விரான்மென்ட்' கொடுத்து இரண்டையும் நீக்குங்கள். நிரலை உள்ளேயும் வெளியேயும் முழுப் பாதை கொடுத்தே ஓட்டுங்கள்.

பழகுவதற்கு பிகோசிடிஎஃப், அரிசோனா ஸ்டேட் யுனிவர்சிட்டியின் பிடபிள்யூஎன்.காலேஜ் என்ற இரண்டு பயிற்சித் தளங்களும் இலவசம். அடுத்தவர் கம்ப்யூட்டரில் அனுமதியின்றிக் கை வைக்காதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 66-இன்படி மூன்று ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

பின்சேர்க்கை: பைதான் பேக்கேஜ்களை நிறுவும் பிப் வழியாகப் பிடபிள்யூஎன்டூல்ஸ் போடும்போது 'எக்ஸ்டர்னலி மேனேஜ்டு' என்று தடுக்கிறதே என்று ராமேஸ்வரத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். புது உபுண்டுவில் அப்படித்தான். முதலில் ஒரு வென்வ் (பைதானுக்கான தனி நிறுவல் இடம்) உருவாக்கி, அதற்குள் நிறுவுங்கள். தடையை மீறி நிறுவும் 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று, விர்ச்சுவல்பாக்ஸ் ஜன்னலின் கீழ் ஓரத்தில் பச்சை ஆமை தெரிந்தால், விண்டோஸின் சொந்த விர்ச்சுவலைசேஷன் வசதியான ஹைப்பர்-வி குறுக்கே ஓடுகிறது என்று அர்த்தம். மெதுவாக இருக்கும், ஆனால் மேலே சொன்ன பயிற்சி எல்லாம் நடக்கும்.