பொலிஸில் எழுதிக் கொடுத்தால் விவாகரத்து ஆகாது

இலங்கை மலையகத் தோட்டத்தில் ஒரு குடும்பம் பிரிந்தால் பெரும்பாலும் நடப்பது இதுதான். தலைவர் வந்து பேசுவார், கோயில் கமிட்டி பேசும், ஒத்துவரவில்லை என்றால் இரண்டு பேரும் பொலிஸுக்குப் போய் "இனி ஒருவருக்கொருவர் தொந்தரவு இல்லை" என்று எழுதிக் கையெழுத்து வைப்பார்கள். கொஞ்சம் விவரமானவர்கள் சமாதான நீதவானிடம் சீல் குத்திய கடிதமே வாங்கிவிடுவார்கள். அந்தக் கடிதத்தைப் பத்து வருடம் அலுமாரியில் பத்திரமாக வைத்திருந்தாலும் சட்டப்படி நீங்கள் இன்னும் கணவன் மனைவிதான். பொலிஸோ மத்தியஸ்த சபையோ தொழிற்சங்க ஆபீஸோ விவாகரத்துக் கொடுக்க முடியாது, மாவட்ட நீதிமன்றம்தான் கொடுக்க வேண்டும். கடிதத்தை நம்பி இன்னொரு கல்யாணத்தைப் பதிந்தால் அந்தக் கல்யாணம் செல்லாது, அதோடு தண்டனைச் சட்டக்கோவைப்படி 7 வருடம் வரை சிறைக்குப் போகக்கூடிய குற்றம் அது.

"பக்கத்து ஊர் சிங்களக் குடும்பம் கச்சேரியிலேயே, அதாவது மாவட்டச் செயலகத்திலேயே, முடித்துக்கொண்டதே" என்று கேட்பீர்கள். அது 1952ஆம் ஆண்டின் கண்டியர் விவாக விவாகரத்துச் சட்டம், கண்டியச் சிங்களவர்களுக்கு மட்டும். முஸ்லிம்களுக்குக் காதி நீதிமன்றம் இருக்கிறது. மலையகத் தமிழர்களுக்கு 1907ஆம் ஆண்டின் பொதுவான விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம்தான். அதில் விவாகரத்துக்கு மூன்றே காரணங்கள்: கல்யாணத்துக்குப் பிறகு வேறொருவரோடு உறவு, வேண்டுமென்றே கைவிட்டுப் போவது, கல்யாண நேரத்திலேயே இருந்த தீராத ஆண்மைக் குறைவு போன்ற இயலாமை. இரண்டு பேரும் சம்மதித்துவிட்டோம் என்பது இங்கே ஒரு காரணமே இல்லை. யூடியூப்பில் சென்னை வக்கீல்கள் பரஸ்பர சம்மத விவாகரத்து பற்றி அழகாக விளக்குவார்கள், அதெல்லாம் இந்தியச் சட்டம், பார்த்துவிட்டு இங்கே வந்து கேட்டால் லோயர் சிரிப்பார்.

இன்னொரு நம்பிக்கையும் ஊரில் ஓடுகிறது, 7 வருடம் பிரிந்திருந்தால் தானாகவே கிடைத்துவிடுமாம். 7 வருடப் பிரிவைப் பற்றி சிவில் நடைமுறைக் கோவையில் ஒரு பிரிவு இருப்பது உண்மைதான். ஆனால் 1986இல் உயர் நீதிமன்றம், வெறுமனே பிரிந்திருந்தது போதாது, மற்றவர் பக்கம் தவறு இருந்ததையும் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டது.

நடைமுறையில் அதிகம் வருவது கைவிட்டுப் போன காரணம்தான். இதில் பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. அடி உதை தாங்காமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டால், "நீதானே வீட்டை விட்டுப் போனாய், உன்மேல்தான் தப்பு" என்று மாமியார் வீட்டில் சொல்வார்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. வாழவே முடியாத நிலைமையை யார் உண்டாக்கினாரோ அவர்தான் கைவிட்டவர். அதை நிரூபிக்க வேண்டும், அவ்வளவுதான். அதனால் ஆஸ்பத்திரித் துண்டு, பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, மிரட்டி அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவு எதையும் தூக்கிப்போட வேண்டாம், போனை மாற்றும்போது கூட.

கல்யாணம் கோயிலில் தாலி கட்டியதோடு நின்றுவிட்டது, பதியவில்லை என்றால்? "அப்படியென்றால் கல்யாணமே இல்லை" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முறைப்படி சடங்கு நடந்து கணவன் மனைவியாக வாழ்ந்திருந்தால் பதியாத கல்யாணத்தையும் நம் நீதிமன்றங்கள் ஏற்றுக்கொள்வதுண்டு. லோயரிடம் முதலில் சொல்ல வேண்டிய விஷயம் இது.

சரி, லோயரிடம் போவதற்கு முன்னால் ஒரு கேள்வி. உங்களுக்கு இப்போது அவசரமாகத் தேவைப்படுவது விவாகரத்தா, பிள்ளைகளுக்குச் சாப்பாட்டுக் காசா? காசுதான் என்றால் விவாகரத்துக்குக் காத்திருக்கவே தேவையில்லை. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்தில் தனியாக வழக்குப் போடலாம். மனைவிக்கும் கேட்கலாம், பிள்ளைகளுக்கும் கேட்கலாம், 18 தாண்டி 25 வயதுக்குள் இருக்கிற, தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளைக்கும் கேட்க வழி இருக்கிறது. கட்டளை போட்ட பிறகு கொடுக்காமல் இழுத்தடித்தால் சம்பளத்திலிருந்தே பிடிக்க வைக்கலாம். அடிதடி என்றால் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டப்படி அதே நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை, இது இன்னும் சீக்கிரம் கிடைக்கும். அவசர உதவிக்கு 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம். இந்த இரண்டையும் முதலில் பார்த்துவிட்டு அப்புறம் விவாகரத்துக்குப் போவதுதான் புத்திசாலித்தனம் என்பது என் அபிப்பிராயம், ஏனென்றால் விவாகரத்து வழக்கு எதிர்ப்பு வந்தால் வருடக்கணக்கில் ஓடும், அடுப்பு அதுவரை காத்திருக்காது.

இனி லோயர். கோட் வாசலில் நின்று "வாங்க அக்கா, நல்ல லோயர் இருக்கார்" என்று கூப்பிடுகிறவரைத் தாண்டிப் போய்விடுங்கள், அவருக்கும் சேர்த்துத்தான் நீங்கள் காசு கட்டுவீர்கள். நீங்கள் குடியிருக்கிற பகுதியின் மாவட்ட நீதிமன்றத்தில், நுவரெலியாவோ பதுளையோ கண்டியோ, அங்கேயே தினமும் ஆஜராகிற, குடும்ப வழக்குப் பார்க்கிற ஒருவரைத் தேடுங்கள். கொழும்பு லோயர் பெரிய ஆளாக இருக்கலாம், ஆனால் அவர் மலையேறி வருகிற ஒவ்வொரு தவணைக்கும், அதாவது வழக்குக் கூப்பிடும் ஒவ்வொரு நாளுக்கும், செலவு உங்கள் தலையில்தான்.

முதல் சந்திப்பிலேயே வெட்கப்படாமல் காசு விஷயத்தைப் பேசிவிடுங்கள். மொத்தமாக ஒரு தொகையா, தவணைக்குத் தவணையா? வழக்குரை (வழக்கு மனு) எழுதத் தனியா? தவணை தள்ளிப்போனாலும் கொடுக்க வேண்டுமா? நீங்களே வருவீர்களா, ஜூனியரா? மற்றவர் எதிர்த்தால் எவ்வளவு கூடும்? கொடுத்த காசுக்குத் துண்டு வாங்குங்கள், வழக்கு இலக்கத்தைக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். கோட்டுக்குப் போகிற நாளில் செக்ரோலில் (தோட்டத்து வேலைநாள் பதிவில்) பேர் விழாது, பஸ் காசு வேறு, அதையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். கட்ட முடியாது என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக லோயர் கொடுப்பதற்கென்றே 1978ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவானது அது. கிளை எங்கே என்று நீதிமன்ற வளாகத்தில் விசாரித்தால் சொல்வார்கள். கிராம உத்தியோகத்தரிடம் வருமானச் சான்று எடுத்துக்கொண்டு போனால் இரண்டாவது முறை அலைய வேண்டியிருக்காது.

இரண்டு பேருக்கும் ஒரே லோயர் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

லோயர் உங்களிடம் புரொக்சி என்ற பத்திரத்தில் கையெழுத்து வாங்குவார், அதுதான் உங்களுக்காகப் பேச அவருக்கு நீங்கள் கொடுக்கிற அதிகாரம். வெற்றுத் தாளில் மட்டும் கையெழுத்து வைக்காதீர்கள். மலையகத்தில் நீதிமன்ற வேலை பெரும்பாலும் சிங்களத்தில் நடக்கிறது, வழக்குரையும் சத்தியக்கடதாசியும் (சத்தியம் செய்து கொடுக்கிற எழுத்து வாக்குமூலம்) பெரும்பாலும் சிங்களத்தில்தான் இருக்கும். வரி வரியாகத் தமிழில் சொல்லக் கேட்டுவிட்டுக் கையெழுத்து வையுங்கள். பிள்ளையின் பெயர், பிரிந்த திகதி, விலாசம் இவைதான் அடிக்கடி பிழைக்கும். விசாரணையில் தமிழில் பேசவும் மொழிபெயர்ப்புக் கேட்கவும் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரையில் உங்களுக்கு உரிமை இருக்கிறது, அதற்குக் காசு கட்டத் தேவையில்லை.

விவாக அத்தாட்சிப் பத்திரம், பிள்ளைகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை இவற்றில் பிரதியைக் கொடுங்கள், மூலத்தை விசாரணைக்குக் கேட்டால் கொண்டுபோங்கள். மற்றவரின் விலாசம் மிக முக்கியம். வெறும் தோட்டத்தின் பெயர் போதாது, மேற்பிரிவா கீழ்ப்பிரிவா, லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) இலக்கம் என்ன என்று எழுத வேண்டும். இல்லாவிட்டால் அழைப்பாணை தோட்டத்து ஆபீஸ் மேசையில் கிடந்துவிட்டுத் திரும்பி வரும், நீங்கள் அடுத்த தவணைக்குப் போய் அதே வேலையை மறுபடி செய்வீர்கள். ஆள் கொழும்பில் கடையில் நிற்கிறாரா, குவைத்தில் இருக்கிறாரா என்பதையும் லோயரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

அழைப்பாணை கிடைத்தும் மற்றவர் வராவிட்டால் ஒருதலைப்பட்ச விசாரணை நடக்கும், நீங்கள் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்வீர்கள். அவர் வந்து எதிர்த்தால் முழு விசாரணை. இரண்டு பேரும் பிரியத்தான் விரும்புகிறீர்கள் என்றால் ஒருவர் வழக்குப் போட, மற்றவர் எதிர்க்காமல் இருக்கலாம், பிள்ளைகள் யாரிடம், மாதம் எவ்வளவு என்பதை முன்பே பேசி எழுதிக்கொண்டால் வேலை சுருங்கும். ஆனால் நடக்காததை நடந்ததாக இரண்டு பேரும் சேர்ந்து சொன்னால், அது தெரியவந்த நிமிடம் வழக்கு தள்ளுபடி.

மாவட்ட நீதிபதி சரி என்று சொன்ன அன்றைக்கே முடிந்துவிட்டது என்று நினைத்துக் கல்யாணப் பேச்சை ஆரம்பிக்காதீர்கள். முதலில் வருவது இடைக்காலத் தீர்ப்பாணை, குறைந்தது 3 மாதம் கழித்துத்தான் அது இறுதியாகும். அந்த இறுதித் தீர்ப்பாணையின் சான்றுப்படுத்திய பிரதியை ஒன்றுக்கு இரண்டாக வாங்கிக்கொள்ளுங்கள், மறுமணம் பதியும்போது கேட்பார்கள். ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) படிவத்தில் யாருடைய பெயர் வாரிசாக இருக்கிறது என்பதையும் அதே வாரத்தில் தோட்டத்து ஆபீஸில் போய்ப் பார்த்துவிடுங்கள்.